போர்ட் மூன்று

சாரி-பெல் கணவாயில் ஒரு கோபுரம், அதில் இரண்டு வெள்ளைத் தட்டுகள்.
ஒன்று நாரின் நகரத்தைப் பார்க்கிறது.
மற்றது, ஆட்கள் இருக்கிறார்களா என்ற சந்தேகத்தோடு
கீழே பள்ளத்தாக்கை.

கோபுரம் ஏறுகிறவள் நானில்லை. அவன் நுர்காசி.
நான் பிஷ்கேக்கில், ஹீட்டருக்குப் பக்கத்தில்,
பூட்ஸைக் கழற்றிவிட்டு
எண்களைத் தட்டுகிறவள்.

வானம் தெளிந்திருந்தால் இந்த இணைப்பு
நூற்றைம்பது மெகாபிட் சுமக்கும்.
ஈரப்பனி கொட்டினால் தானாகவே நாற்பதுக்கு இறங்கும்,
மூச்சிரைக்கிறவன் சொற்களைக் குறைத்துக்கொள்வதுபோல.
ஆகவே வரம்பு.
போர்ட் ஒன்று தங்கச் சுரங்கம், பணம் கட்டுகிறவர்கள்: நூறு.
போர்ட் இரண்டு எங்கள் கண்காணிப்பு; அதற்கு இரண்டே போதும், தொட்டதில்லை.
போர்ட் மூன்று காரா-புலுங். முந்நூறு வீடு,
ஒரு பள்ளிக்கூடம், மருந்தகத்தில் ஒரு நர்ஸ்: இருபது.

வாய்க்காலுக்குப் பொறுப்பானவனை எங்கள் பக்கம் முராப் என்போம்.
கோடையில் மண்வெட்டியோடு நிற்பான்.
இன்னாருக்கு இத்தனை மணி என்று மடை திறப்பான்,
திட்டு வாங்குவான்.
நானும் முராப்தான்.
ஆனால் என் மண்வெட்டியை யாரும் பார்த்ததில்லை.

நவம்பர் ஒன்பது. மென்பொருள் புதுப்பித்த இரவு.
பழைய திரை மெகாபிட்டில் கேட்கும்,
புதிய திரை கிலோபிட்டில்.
மாறியது ஒரே எழுத்து, சாம்பல் நிறத்தில், பொடியாக.
நூறு என்று தட்டினேன். இருபது என்று தட்டினேன்.
சேமி என்றேன்.
தேநீர் போடப் போனேன்.

கெண்டி கொதிக்குமுன் சுரங்கத்திலிருந்து போன்.
நான்கே நிமிடம்.
ரஷ்ய மொழியில் கத்தினார்கள், பிறகு ஆங்கிலத்தில்,
பிறகு எங்கள் இயக்குநரின் பெயரைச் சொல்லி.
மூன்று சுழியம் சேர்த்தேன், மன்னிப்புக் கேட்டேன்,
தூங்கினேன்.

பதினோரு நாள் கழித்து வேறு எதையோ தேடிப் போனபோது
கண்ணில் பட்டது:
போர்ட் மூன்று, இருபது.
பக்கத்துக் கட்டத்தில், கைவிட்ட பொட்டலங்கள்
நான்கு கோடியே பதினேழு லட்சம்.

ஊரில் மற்ற எல்லாரும் மூச்சுவிடாமல் இருந்தால்
ஒரு புகைப்படம் போய்ச்சேர இருபது நிமிடம்.
யார் மூச்சுவிடாமல் இருப்பார்கள்?

புகார்ப் பட்டியலை மேலிருந்து கீழே
இரண்டு முறை பார்த்தேன். சுரங்கம், சுரங்கம்,
ஒரு வங்கி, சுரங்கம்.

சுழியங்களைச் சேர்த்துவிட்டு மருந்தகத்துக்குப் போன் போட்டேன்.
நர்ஸின் பெயர் பெர்மெத். பின்னால் ஒரு குழந்தை அழுதது.
ஏன் சொல்லவில்லை என்றேன்.
"பனி என்று நினைத்தோம்."
"இந்தப் பதினோரு நாளும் பனியே இல்லையே."
"ஆமாம்," என்றாள்,
"எங்களுக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது."

ஒரு எக்ஸ்ரே அனுப்ப வேண்டியிருந்ததாம். போகவில்லை.
படச்சுருளையே உருட்டி, செம்மறியாடு ஏற்றிப்போன லாரியில்
டிரைவர் கையில் கொடுத்து நாரினுக்கு அனுப்பினார்களாம்.
கால் எலும்பு.
கூடிவிட்டது, இப்போது நடக்கிறான் என்று
என்னைச் சமாதானப்படுத்தினாள். என்னை.

தலைமடையில் தண்ணீர் நின்றால் ஊரே கேட்கக் கத்துவார்கள்.
கடைமடைக்காரன்
வானத்தை அண்ணாந்து பார்ப்பான்.

பழுது சரியானதும் கணக்கைச் சுழியமாக்க வேண்டும், அது விதி.
ஒரு பொத்தான்தான்.
அழுத்தினேன். "நிச்சயமாகவா?" என்று கேட்டது திரை.
அன்று சேமி என்றபோது
அது ஒன்றும் கேட்கவில்லை.

வேண்டாம் என்றேன்.
எண் அப்படியே இருக்கிறது,
ஈரப்பனி நாட்களில் மட்டும் கொஞ்சம் ஏறும்.
போன வாரம் மேலே போன நுர்காசி
கையடக்கத் திரையில் அதைப் பார்த்துவிட்டு
இது என்ன, அழிக்காத குப்பையா என்று கேட்டான்.

இல்லை, என்றேன்.
ஊர் பேசியது.